ஹெல்கெலான்ட் தீவுகளில் ஏழு நாள்: படகு பிடித்தது, சைக்கிள் பரவாயில்லை

போன ஜூனில் மகளும் நானும் நோர்வேயின் ஹெல்கெலான்ட் கரைத் தீவுகளுக்குக் கப்பலும் சைக்கிளுமாகப் போய்வந்த பயணத்தைப் பற்றி இதுவரை ஐந்து பேர் கேட்டுவிட்டார்கள். எவ்வளவு முடிந்தது, கொடுத்த காசுக்குத் தகுமா, ஐம்பத்தெட்டு வயதில் முழங்கால் தாங்குமா. ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன். நடத்துபவர்களின் பெயரை எழுதவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், வீண் வம்பு வேண்டாம்.

ஏற்பாடு இதுதான். பழைய மீன்பிடி மரக்கப்பல் ஒன்றைப் பயணிகளுக்காக மாற்றியிருக்கிறார்கள். படுக்கையும் சாப்பாடும் அதில். காலையில் ஒரு தீவில் சைக்கிளோடு இறக்கிவிடுவார்கள். நாங்கள் தீவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓட்டிப் போவோம், கப்பல் சுற்றிக்கொண்டு வந்து அங்கே நிற்கும். பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் ஒருமுறைதான். சான்ட்னெஸ்ஷோயென் என்ற கரையூரில் ஏறி, ஏழு நாள் கழித்து அங்கேயே இறங்குவது. இரண்டு பேர் அறையில் ஆளுக்கு 19,800 நோர்வே குரோணர். மூன்று வேளைச் சாப்பாடு அதற்குள், குடிவகை வெளியே. மின்சைக்கிளுக்கு மேலதிகமாக 2,500. மகள் சாதாரண சைக்கிள் எடுத்தாள், நான் வெட்கப்படாமல் மின்சைக்கிள் எடுத்தேன். ஒஸ்லோவிலிருந்து ட்ரொன்ட்ஹைம், அங்கிருந்து வடக்கு ரயிலில் மூஷோயென், பிறகு பஸ் என்று போன செலவு தனி.

ஏன் ஹெல்கெலான்ட், ஏன் எல்லாரையும் போல வடக்கே லோஃபோட்டன் தீவுகளுக்குப் போகவில்லை என்று கேட்டால், பதில் மகளிடம்தான் இருக்கிறது. நான் 1987இல் நோர்வேக்கு வந்தவள். முதல் நாலு வருடம் வடகோடி ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் பிலே, அதாவது முள் நீக்கிய மீன் துண்டு, வெட்டினேன். வடக்குக் கடல் என்றால் எனக்கு வெள்ளை மேலங்கி, இறப்பர் சப்பாத்து, ஐஸ் தண்ணீரில் விறைத்துப்போன விரல். தொழிற்சாலை யன்னல்கள் உயரத்தில் இருந்தன, வெளிச்சம் வரும், கடல் தெரியாது. "அம்மா, நீங்கள் அந்தக் கரையில் இருந்து ஒரு கோப்பி குடித்ததே இல்லை" என்று மகள் சொன்னாள். லோஃபோட்டன் ரோடுகளில் கோடையில் கார்களும் முகாம் வண்டிகளும் வரிசையாகப் போகும், சைக்கிளோடு அதற்குள் நசுங்க வேண்டாம், இன்னும் தெற்கே போவோம் என்றும் அவளே முடிவெடுத்தாள்.

கப்பலில் பயணிகள் 12 பேர். அதற்கு மேல் ஒருவரை ஏற்றினாலும் சட்டத்தில் அது பயணிகள் கப்பல் ஆகிவிடும், விதிகளெல்லாம் மாறிவிடும் என்று கப்டன் சொன்னார். ஜேர்மன்காரர் ஆறு பேர், டச்சுத் தம்பதி, பேர்கனிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இரண்டு பேர், நாங்கள் இரண்டு பேர். அறை என்றால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தட்டு, நடுவில் ஒருவர் நின்றால் மற்றவர் நிற்க முடியாது. கழிப்பறை இரண்டுதான். காலை ஏழரைக்கு வரிசை. எங்கள் அறை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. முதல் நாள் அந்த 'டுங்க் டுங்க்' தலைக்குள் அடித்தது. மூன்றாம் நாள் அது நின்றபோதுதான் விழிப்பு வந்தது.

அந்த இயந்திர அறையால் ஒரு லாபமும் உண்டு. நனைந்த உடுப்பு, கையுறை, சப்பாத்து எல்லாவற்றையும் அங்கே கயிற்றில் தொங்கவிடலாம். ஒரு மணி நேரத்தில் அப்பளம் மாதிரிக் காய்ந்துவிடும். கொஞ்சம் டீசல் மணக்கும். ஏழு நாளில் நாலு நாள் மழை பெய்த இடத்தில் இதன் அருமை நனைந்தவருக்குத்தான் தெரியும். கூடாரத்தோடு இதே தீவுகளைச் சுற்றிய ஒரு சோடியை ஹெரோய்த் தீவில் கண்டோம். மூன்று நாளாக ஈரச் சப்பாத்தோடு திரிந்தார்களாம். எங்கள் கப்பலை அவர்கள் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

இனிச் சைக்கிள். இந்தப் பயணத்தில் மோசமான பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்குத் தந்த சைக்கிளின் இருக்கை இறங்கிக்கொண்டே போனது. மூன்று கிலோமீற்றர் ஓட்டினால் இருக்கைக் குழாய் ஒரு சாண் உள்ளே போயிருக்கும், முழங்கால் நாடியில் இடிக்கும். இறங்கி, இழுத்து, பூட்டை இறுக்கி ஏறுவேன். திரும்ப மூன்று கிலோமீற்றர், திரும்ப அதே கதை. வழிகாட்டியாக வந்த பையன் கெட்டிக்காரன், நல்ல பிள்ளை. ஆனால் அவனிடம் இருந்தது திருகு இறுக்கும் ஒரேயொரு மடக்குச் சாவி, அதையும் அன்று டச்சுக்காரருக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். பின்னேரம் கப்டனிடம் முறையிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு வெறும் பியர் டப்பாவை எடுத்தார், கத்தரிக்கோலால் இரண்டு விரல் அகலத்தில் தகட்டை வெட்டினார், ஓரங்களை மழுக்கினார், குழாயைச் சுற்றிப் போர்த்தி உள்ளே இறக்கிப் பூட்டினார். குழாய் அளவில் ஒரு மயிரிழை சின்னதாம், அந்த இடைவெளியைத் தகடு அடைத்துவிட்டது. அதன்பிறகு கடைசி நாள் வரை இருக்கை அசையவில்லை. இந்த வேலையைப் பருவம் தொடங்குமுன் யாராவது செய்திருக்க வேண்டாமா?

மின்னேற்றும் விஷயமும் அப்படித்தான். மின்சைக்கிள் ஏழு, மின்னேற்றும் இடம் நாலு. இரவு பதினொன்றுக்கு மின்பிறப்பாக்கியை நிறுத்திவிடுவார்கள். கரை மின்சாரம் இருக்கிற துறையில் நின்றால் சரி, நங்கூரம் போட்டு நின்றால் முறை வைத்துத்தான். ஜேர்மன்காரர் ஒருவர் கடதாசியில் அட்டவணை போட்டு ஒட்டிவிட்டார், அதனால் சண்டை வரவில்லை. நோர்வே விதிப்படி மின்சைக்கிளின் மோட்டார் 250 வாட், மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் அது உதவாது. இந்தத் தீவுகளில் அதுவே தாராளம், ஏற்றம் அதிகம் இல்லை. எதிர்க்காற்றுத்தான் இங்கே மலை.

காற்று என்றதும் இரண்டாம் நாளைச் சொல்ல வேண்டும். திட்டத்தில் இருந்தது டொன்னாத் தீவின் வடமுனையில் இறங்கி, தெற்கே பாலம் தாண்டி ஹெரோய்க்கு, கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர். முதல் நாள் இரவுச் சாப்பாட்டு மேசையில் கப்டன் கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நாளைக்குத் தென்மேற்குக் காற்று, நொடிக்கு பத்து மீற்றர். திட்டப்படி போனால் முழு நாளும் உங்கள் முகத்தில் அடிக்கும். நான் ஐந்து மணிக்கு எழும்பி உங்களை ஹெரோய்க்குக் கொண்டுபோகிறேன், நீங்கள் வடக்கே ஓட்டுங்கள்." அவ்வளவுதான். காலையில் கண் விழித்தபோது யன்னலில் வேறு தீவு. இரவு படுத்த கட்டிலிலேயே இருந்து கோப்பி குடித்துவிட்டு இறங்கினோம், காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது. பதினைந்து கிலோமீற்றர் வரை மோட்டாரை நான் போடவே இல்லை.

நான் கொடுத்த காசில் பாதி அந்த ஐந்து மணி விழிப்புக்கு என்றுதான் கணக்குப் பார்க்கிறேன். தனியாகச் சைக்கிளில் போகிறவருக்கு முன்பதிவு செய்த குடில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் போயாக வேண்டும். கப்பல் இருந்தால் காற்றைப் பார்த்து நாளைத் திருப்பிப் போடலாம்.

அந்த ரோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலப்பக்கம் கடலுக்கு அப்பால் ஏழு சகோதரிகள் என்ற மலைவரிசை, எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரம், மிக உயர்ந்தது 1,072 மீற்றர். முன்னால் டொன்னாவின் சொந்த மலை, மல்லாந்து படுத்த மனிதன் முகம்போல. கார் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. ஆடுகள் போகாமல் ரோட்டுக்குக் குறுக்கே பதித்திருக்கும் இரும்புக் கம்பிகளை மட்டும் கவனிக்க வேண்டும். மழையில் வழுக்கும், நேராகத்தான் கடக்க வேண்டும், நடுவில் பிரேக் பிடிக்கக் கூடாது. அடுத்த ஆபத்து ஆலாப் பறவை. ஜூனில் குஞ்சு இருக்கும். கூட்டுக்குக் கிட்ட ரோடு போனால் 'கிர்ர்' என்று கத்திக்கொண்டு தலையில் கொத்த வரும். நோர்வேயில் சைக்கிளுக்குத் தலைக்கவசம் சட்டக் கட்டாயம் இல்லை, இந்த நிறுவனம் போடச் சொல்லித்தான் தரும். ஹெரோயில் மூன்று ஆலாக்கள் என் தலைக்கவசத்தில் மாறி மாறிக் கொத்தியபோது அந்த விதியை மனதார ஏற்றுக்கொண்டேன். மகள் பின்னால் சிரித்துச் சிரித்துச் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டாள்.

மூன்றாம் நாள் வேகா. இந்தத் தீவுக்கூட்டத்தை யுனெஸ்கோ 2004இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. தீவும் திட்டும் பாறையுமாக 6,500. சேர்த்த காரணம் நிலத்தின் அழகைவிட இங்குள்ள மக்கள் ஒரு கடல்வாத்தோடு நடத்திவந்த வாழ்க்கை. வசந்தத்தில் வாத்து முட்டையிட வருமுன் ஆட்கள் அதற்குக் குட்டி வீடு கட்டுவார்கள், கல்லாலும் கடலில் ஒதுங்கிய பலகையாலும். உள்ளே காய்ந்த கடற்பாசியால் படுக்கை. வாத்து தன் நெஞ்சு மென்சிறகைப் பிடுங்கிக் கூட்டில் பரப்பும். குஞ்சு பொரித்துக் கடலுக்குப் போனபின் மனிதர் அந்தச் சிறகை எடுத்துக்கொள்வார்கள். ஒரு போர்வைக்கு அறுபது எழுபது கூட்டுச் சிறகு வேண்டுமாம். நேஸ் என்ற ஊரில் இதற்கென்றே ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு அம்மா நரம்பு கட்டிய மரச்சட்டத்தில் சிறகைப் போட்டு நரம்புகளை விரலால் இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பாசித்தூளும் சுள்ளியும் கீழே கொட்டுகிறது, சிறகு நரம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு பிடி என் உள்ளங்கையில் வைத்தார். எடை தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கை சுட்டது.

நாங்கள் அங்கே நின்ற நேரம் நாற்பது நிமிடம். பையன் நேரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான், இன்னும் 20 கிலோமீற்றர் இருக்கிறது என்று. இங்கே இரண்டு மணி நேரமாவது விட்டிருக்க வேண்டும். தீவில் மலை ஏறுகிறவர்களுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் படி கட்டி வைத்திருக்கிறார்கள், பேர்கன் ஆசிரியர்கள் ஏறினார்கள். நான் கடைக்குப் பக்கத்தில் இருந்து பழுப்புச் சீஸ் வைத்த வாஃபிள் சாப்பிட்டேன்.

நாலாம் நாள் தொர்க்ஹாத்தன், நடுவில் ஓட்டை விழுந்த மலை. புரொன்னோய்சுன்ட் நகரிலிருந்து 15 கிலோமீற்றர் போய், அரைமணி ஏறினால் ஓட்டைக்குள் நிற்கலாம். 160 மீற்றர் நீளம். கடல்மட்டம் உயரத்தில் இருந்த காலத்தில் அலையும் உறைபனியும் குடைந்தது. ஊர்க்கதை வேறு: குதிரைவீரன் ஒருவன் தன் காதலுக்கு இணங்காத பெண்மேல் அம்பு விட, அரசன் குறுக்கே தொப்பியை எறிய, அம்பு தொப்பியைத் துளைத்ததாம். சூரியன் உதித்ததும் எல்லாரும் கல்லாகிவிட்டார்கள். போகும்போது சுகம். திரும்பும்போது 15 கிலோமீற்றரும் எதிர்க்காற்றோடு மழை. கப்பலை இந்தப் பக்கம் கொண்டுவரலாமா என்று மகள் கேட்டாள். முடியாது, அது நகரில் நின்று தண்ணீரும் எண்ணெயும் சாமானும் ஏற்றுகிறது என்றான் பையன். நியாயமான காரணம்தான். ஆனால் அதைக் காலையிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேர் பஸ் பிடித்திருப்போம். வந்து சேர்ந்தபோது டச்சு அம்மா அழுதுவிட்டார், நிஜமாகவே.

அடுத்த நாள் முழுவதும் கடலில். ஏழு மணி நேர ஓட்டம், வடக்கே லோவுன்டுக்கு. இதைத் துண்டுப்பிரசுரத்தில் 'சைக்கிள் நாள்' என்று போட்டிருக்கிறார்கள். லோவுன்டில் ரோடு என்று இருப்பது சில கிலோமீற்றர்தான். திரும்பித் திரும்பி ஓட்டினாலும் எட்டு வராது. ஆறாம் நாள் திரேனாவும் அப்படியே. 'தினமும் 30 முதல் 45 கிலோமீற்றர்' என்று எழுதியிருந்தார்கள், நான் கூட்டிப் பார்த்தேன், வாரம் முழுவதற்கும் 120தான் வந்தது. கடுமையாக ஓட்டுகிற ஆட்கள் இதைத் தெரிந்துகொண்டு காசு கட்டுங்கள். எனக்கென்னவோ, சைக்கிள் ஓட்டாத அந்த இரண்டு தீவும்தான் மற்ற எல்லாவற்றையும் விடப் பிடித்தது.

லோவுன்ட் கடலில் நட்டுவைத்த மலை, 623 மீற்றர். அதன் அடிவாரப் பாறைக் குவியலில் லுண்டெப் பறவைகள், சிவப்பும் மஞ்சளுமாக அலகு பூசிய குண்டுப் பறவை. ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 14இல் வந்து சேரும் என்பது ஊர் வழக்கு, அன்று ஊரே கொண்டாடும். மறுபக்கம் சால்மன் பதனிடும் தொழிற்சாலை. வேலை முடிந்து வந்தவர்கள் கிழக்கு ஐரோப்பிய மொழி ஏதோ பேசிக்கொண்டு போனார்கள். ஒரு பெண் விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டே நடந்தாள். அது என்ன வலி என்று எனக்குத் தெரியும். தலையாட்டினேன், அவளும் ஆட்டினாள்.

அன்று பின்னேரம் கப்டன் தூண்டில் போட்டார். சாய் என்ற கடல்மீன் ஐந்து, நல்ல கனம். சமையல்காரப் பெண் கத்தியோடு வந்தாள், நான் கத்தியை வாங்கிக்கொண்டேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. செவுளுக்குப் பின்னால் சரிவாக ஒரு வெட்டு, முள்ளுத்தண்டைத் தொட்டதும் கத்தியைப் படுக்கவைத்து வால்வரை ஒரே இழுப்பு. கை தானாகப் போனது. இரண்டாவது மீனில் கப்டன் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "எங்கே படித்தாய்?" என்றார். ஃபின்மார்க், 1987 என்றேன். அவருடைய அம்மாவும் பிலே மேசையில் நின்றவராம். அதற்குப் பிறகு எனக்குக் கோப்பி கேட்காமலே வந்தது. தொழிற்சாலையில் ஒருநாளும் நான் வெட்டிய மீனை நான் சாப்பிட்டதில்லை, சூடாக, கடலைப் பார்த்துக்கொண்டு. மகள் என்னைப் படம் எடுத்தாள். அந்தப் படத்தில் நான் மீனைத்தான் பார்க்கிறேன், கடலைப் பார்க்கவில்லை. சரி, போகட்டும்.

சாப்பாட்டைப் பொதுவாகச் சொன்னால் நன்று. மீன் சூப், ஒருநாள் ஆட்டிறைச்சி, தினமும் கப்பலிலேயே சுட்ட பாண். காரம் கிடையாது, நான் கொண்டுபோன மிளகாய்த்தூள் போத்தல் நாலாம் நாளிலிருந்து பொதுமேசையில் நின்றது. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாமல் வந்த ஜேர்மன் பெண்ணுக்கு மூன்று நாள் உருளைக்கிழங்குதான்.

திரேனாவில் நாங்கள் நின்றது ஜூன் 23, சங்க்ட்ஹான்ஸ் என்ற நடுக்கோடைத் திருநாள் இரவு. ஐந்நூறு பேர்கூட இல்லாத ஊர், கடற்கரையில் பழைய பலகைகளைக் குவித்துத் தீ மூட்டினார்கள். சூரியன் அடங்காத இரவில் எதற்கு நெருப்பு என்று கேட்கலாம், குளிருக்குத்தான். எதிரே சன்னாத் தீவின் கூர்மலைகள். பன்னிரண்டு மணிக்குச் சூரியன் கடல் விளிம்பை உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தது. சைக்கிள்கள் மேல்தட்டில் கட்டியபடியே கிடந்தன, யாரும் கேட்கவில்லை.

மலிவாகப் போக வழி உண்டா என்றால், உண்டு. சான்ட்னெஸ்ஷோயெனிலிருந்து டொன்னாவுக்குக் கார் ஏற்றும் படகு ஓடுகிறது, லோவுன்டுக்கும் திரேனாவுக்கும் விரைவுப் படகு இருக்கிறது. சைக்கிளை ஏற்றலாம், ஆனால் விரைவுப் படகில் இடம் குறைவு. மகள் அடுத்தமுறை அப்படித்தான் போவாள். எனக்கு அந்த இயந்திர அறைக் கயிறு வேண்டும்.

வீடு வந்த கிழமையே கருத்துக் கேட்டு மின்னஞ்சல் வந்தது. இருக்கைக் குழாய், மின்னேற்றும் இடம், தொர்க்ஹாத்தன் மழை, லோவுன்ட் 'சைக்கிள் நாள்' எல்லாம் எழுதி அனுப்பினேன். கப்டனைப் பற்றி நல்லதும் எழுதினேன். மன்னிப்புக் கேட்டு, அடுத்த பயணத்துக்குப் பத்து வீதம் கழிவுச் சீட்டு அனுப்பினார்கள். மே 31 வரை செல்லும் என்று போட்டிருக்கிறது. அவர்களுடைய முதல் பயணமே ஜூன் முதல் கிழமையில்தான் புறப்படுகிறது.